அம்மாவின் வாயை முகர்ந்து பார்த்தவர்கள்

என் அம்மா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். 1950களில் அவளுடைய கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்தது. கொழும்பில் ரேடியம் வைத்துக் கதிர் பாய்ச்சினார்கள், புண் ஆறியது. தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பிய அன்றே வெற்றிலையையும் புகையிலையையும் சாக்கடைக் கானுக்குள் வீசினாள். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் கட்டி.

தோட்டத்து டாக்டர் ஐயா அவள் வாயைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"திருட்டுத்தனமா பொகையில போட்டிருக்க."

"சத்தியமா தொடலைங்க ஐயா."

அவர் சிரித்தார். அதற்குப் பிறகு லயத்துப் பெண்களும் அவள் வாயை முகர்ந்து பார்த்தார்கள். அவள் சாகும்வரை முகர்ந்து பார்த்தார்கள்.

ஒரு கட்டிக்குள் இருக்கும் செல்களெல்லாம் ஒரே மாதிரி இல்லையாம். பிரியும்போதெல்லாம் அவற்றின் குரோமோசோம்கள் உடைந்தும் கூடிக்குறைந்தும் புதுப்புது வகைகள் உண்டாகுமாம். புகையிலையைத் தொடாவிட்டாலும், ரேடியத்துக்குத் தப்பிய வகை மறுபடி பெருகுமாம். வெகுகாலம் கழித்து இதைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அம்மா செத்த வருடம் தேயிலையில் கொப்புள நோய் வந்தது. மருந்தடித்தும் திரும்ப வந்தது. தோட்டத்தை நடத்திய துரை மருந்தைத்தான் திட்டினார். செடிதான் தப்புச் செய்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.