கிறிஸ்தோபரின் பெட்டியும் மக்டலினின் படங்களும்

தேங்காய் திருவுவது கிறிஸ்தோபரின் வேலை. காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு திருவலையில் குந்தி, சிரட்டையின் கறுப்பு விழாமல் வெள்ளை வெளேரென்று பூவாகத் திருவிக் கோப்பையில் போடுவார். அவருடைய மனைவி மக்டலினுக்கு வலது மணிக்கட்டில் நோ. வருடக்கணக்காகப் படம் வரைந்த கை. பாரமான வேலை செய்யக்கூடாது என்று வைத்தியர் சொன்னதிலிருந்து தேங்காயும் அம்மியும் தண்ணீர் வாளியும் கிறிஸ்தோபரின் பக்கம் வந்துவிட்டன.

அவர் வள்ளங்களின் பின்னால் பூட்டுகிற அவுட்போர்ட் எஞ்சின் திருத்துபவர். உப்புவெளியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டில். காலையில் எஞ்சினோடு வருகிற மீனவர்கள் குசினி வாசலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

“அண்ணை, எஞ்சினுக்குள்ள கிடந்த கை இப்ப தேங்காய்க்குள்ள கிடக்குது,” என்பார் தம்பிராசா. இறக்கக்கண்டியில் வள்ளம் வைத்திருப்பவர். எஞ்சின் பழுதோ இல்லையோ, வாரம் ஒருமுறை வந்து போவார்.

“உன்ர வீட்டுச் சம்பலைவிட என்ர சம்பல் நல்லம் எண்டு நீதானே போன கிழமை ரெண்டு தரம் வாங்கித் திண்டனீ,” என்று கிறிஸ்தோபர் தலை நிமிராமல் சொல்வார்.

மக்டலின் அந்த நேரத்தில் முன்னறையில் கணினியைத் திறந்து கதவைச் சாத்தியிருப்பாள். அவளுடைய தொழில் என்னவென்று அந்தத் தெருவில் சரியாக அறிந்தவர்கள் குறைவு. வீட்டுப் படம் கீறுகிறவள் என்று நினைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பை முடித்து, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளுக்கு வரைபடம் கீறியவள். அந்த வேலை ஓய்ந்த பிறகு, கொழும்பில் ஒரு சட்ட அலுவலகத்துக்கு வரைந்து கொடுக்கத் தொடங்கினாள். பேட்டன்ட் என்று எல்லாரும் சொல்கிற ஆக்கவுரிமை எடுத்துக் கொடுக்கிற அலுவலகம் அது. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர், அதைத் தன்னைக் கேளாமல் வேறு எவரும் செய்து விற்கக்கூடாது என்று அரசிடம் பெறுகிற உரிமை. அதற்கு விண்ணப்பிக்கும்போது கண்டுபிடிப்பைப் படமாகக் காட்டவேண்டும். அந்தப் படங்களைத்தான் மக்டலின் கீறினாள்.

அந்தப் படங்களுக்கு என்று ஒரு கண்டிப்பு உண்டு. கறுப்புக் கோடு மட்டும், நிறம் கிடையாது. ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் எண், எண்ணிலிருந்து உறுப்புக்கு ஒரு மெல்லிய கோடு. மனித உடலைக் காட்டவேண்டி வந்தால் வெளிக்கோடு போதும், முகம் தேவையில்லை. பத்து, பன்னிரண்டு, பதினான்கு என்று இரட்டை எண்களாகவே கொடுத்துப் போவாள். கண்டுபிடித்தவருக்கு இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் மறந்துபோன ஒன்று பிறகு நினைவுக்கு வந்தால், அதைச் சேர்க்க ஓர் ஒற்றை எண் இடையில் காத்திருக்கும்.

தொடக்கத்தில் அவளுக்கு அது வெறும் கோடுதான். ஒரு நாள் ஒரு மருத்துவக் கருவி வந்தது. இதயத்தில் ஓட்டையோடு பிறக்கிற குழந்தைக்கு நெஞ்சைப் பிளக்காமல் அதை அடைக்கிற வழி. நூலைவிட மெல்லிய கம்பியில் பின்னிய ஒரு வலை. அதை மடித்து, தொடையில் ஓடும் இரத்தக் குழாய்க்குள் விட்டு, குழாய் வழியாகவே இதயம் வரை கொண்டுபோகிறார்கள். அங்கே போனதும் அது குடைபோல விரிந்து ஓட்டையின் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. முதலாம் படத்தில் மடிந்த வலை. இரண்டாம் படத்தில் விரிந்த வலை. திரையில் கை அகலத்துக்குப் பெருப்பித்துக் கீறிக்கொண்டிருந்தவள், அளவைக் கவனித்தபோது அசந்துபோனாள். மடித்த நிலையில் அது ஒரு கொத்தமல்லி விதையின் பருமன்கூட இல்லை. கணினியை அப்படியே விட்டுக் குசினிக்குப் போய்ப் போத்தலைத் திறந்து ஒரு மல்லியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதற்குள் ஒரு குடையை மடித்து வைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஒருவரும் காலையில் எழுந்து பல் விளக்கித் தேத்தண்ணி குடித்தவர்தானே என்று நினைக்க, அவளுக்கு உடம்பு புல்லரித்தது.

இன்னொரு முறை ஓர் ஆலை முறை. இறால் கோதையும் நண்டு ஓட்டையும் கழுவி, காரத்திலும் அமிலத்திலும் மாறி மாறி ஊறவைத்து, கடைசியில் இரத்தம் கட்டுகிற பஞ்சாக ஆக்குகிறார்கள். முறைகளுக்குப் பொருளைக் கீறுவதில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பெட்டிகளும் அம்புக்குறிகளும் மட்டும். முதல் பெட்டியில் குப்பை, கடைசிப் பெட்டியில் காயத்துக்கு மருந்து. அன்று மத்தியானம் நண்டுக் கறி. ஓடுகளைக் கூட்டி அள்ளியவள் வாளியில் கொட்டாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள்.

“என்ன, மோதிரம் விழுந்திட்டுதோ?” என்றார் கிறிஸ்தோபர்.

“இல்லை. சும்மா.”

சும்மா என்பதுதான் அவள் சொல்லக்கூடிய பதில். விண்ணப்பம் வெளியாகும்வரை ஒரு வார்த்தை வெளியே போகக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கட்டில் பகிர்கிறவருக்கும் அது பொருந்தும். கிறிஸ்தோபரும் துருவிக் கேட்கிற ஆள் இல்லை. இப்படி உலகத்தின் அதிசயங்கள் ஒவ்வொன்றாக அந்த முன்னறைக்கு வந்து, கறுப்புக் கோடாகித் திரும்பிப் போயின. கண்டுபிடிப்பு என்பது மின்னஞ்சலில் தூரத்திலிருந்து வருவது என்று மக்டலின் மனதில் ஊன்றிப்போனது.

இந்த வருடம் அது ஆட்டம் கண்டது. லொறிகள் ஒன்றோடொன்று பேசுகிற ஒரு முறை கீற வந்தது. நெடுஞ்சாலையில் வரிசையாகப் போகும் லொறிகள். முன்னால் போவது பிறேக் பிடித்தால், பின்னால் வருகிற சாரதியின் கண் அதைக் காணுமுன்பே அவருடைய வண்டிக்குச் செய்தி போய்விடுகிறது. அதிலும் ஒரு நுட்பம்: சாரதி தானாக மெதுவாக்கினாரா, வண்டி பழுதாகி நின்றதா என்று பிரித்தறிந்து, பழுது என்றால் மட்டும் எல்லாரையும் எச்சரிக்கும். மக்டலின் மூன்று லொறிகளைக் கீறி, அவற்றுக்கிடையே அலையலையாகக் கோடு போட்டாள். போட்டவள் எழும்பி யன்னலைத் திறந்தாள். கொட்டிலில், ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றுக்குள் வயரை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார் கிறிஸ்தோபர்.

அந்தப் பெட்டியை அவள் எத்தனையோ தரம் தட்டிவிட்டுக் கூட்டியிருக்கிறாள். தம்பிராசாவின் எஞ்சின் ஒருமுறை ஆழ்கடலில் நின்று, பக்கத்து வள்ளங்கள் அறியாமல் அவர் காற்றோடு இழுபட்டுப் போய், முல்லைத்தீவுக்கு அப்பால் கடற்படை கண்டு கொண்டுவந்து சேர்த்தது. அதற்குப் பிறகு கிறிஸ்தோபர் செய்தது அது. எஞ்சினின் தீப்பொறித் துடிப்பைப் பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும். ஆள் பொத்தானை அழுத்தி நிறுத்தினால் பேசாமல் இருக்கும். எஞ்சின் தானாகச் செத்தால், அயலில் பெட்டி வைத்திருக்கிற எல்லா வள்ளத்திலும் சிவப்பு லைட் எரியும். உப்புவெளி தொடக்கம் குச்சவெளி வரை இப்போது எத்தனையோ வள்ளங்களில் அது இருக்கிறது. அதே எண்ணம். தூரத்து ஊர் ஒன்றில் படித்தவர்கள் கூட்டமாக இருந்து லொறிக்கு யோசித்ததை, இந்த மனிதர் அதற்கு முன்பே வள்ளத்துக்கு யோசித்திருக்கிறார். அது தன் வீட்டுக்குள் நடந்தது, தனக்குத் தெரியவில்லை. அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் சொன்னாள். “இஞ்சாருங்கோ, உங்கட பெட்டிக்கு பேட்டன்ட் எடுக்கலாம்.”

“எந்தப் பெட்டி?”

“வள்ளத்துப் பெட்டி.”

கிறிஸ்தோபர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “அதில என்ர பேர் வருமோ?”

“வரும். கண்டுபிடித்தவர் எண்டு முழுப் பேரும் வரும்.”

“கோயில் ஞானஸ்நானப் புத்தகத்துக்குப் பிறகு என்ர முழுப் பேரை ஆரும் எழுதினதில்லை,” என்று சிரித்தார். ஆனால் அன்று பின்னேரம் கொட்டிலைக் கூட்டிப் பெருக்கினார். அடுத்த நாள் சவரம் செய்தார். வேலை நாளில் அவர் சவரம் செய்து யாரும் கண்டதில்லை. தம்பிராசா வந்தபோது, “பேசாம இரு, நான் இனி கண்டுபிடிப்பாளன்,” என்றார். “அப்ப நான் திருத்தத் தந்த காபரேற்றரை எப்ப கண்டுபிடிப்பீங்கள்?” என்று தம்பிராசா கேட்டார்.

கொழும்பு அலுவலகத்தில் மக்டலினோடு கதைப்பவர் அம்ரா என்ற சட்டத்தரணி. கிண்ணியாவைச் சொந்த ஊராகக் கொண்டவர், வயதில் இளையவர். படங்களை அனுப்பிவிட்டு மக்டலின் தொலைபேசி எடுத்து விசயத்தைச் சொன்னாள். அம்ரா இடையிடையே கேள்வி கேட்டு முழுக்கக் கேட்டார்.

“அக்கா, நல்ல ஐடியா. உண்மையாவே நல்ல ஐடியா. இதை வெளியில ஆருக்கும் காட்டினதா?”

மக்டலினுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

மூன்று வருடத்துக்கு முந்தின அந்தோனியார் திருநாள். அங்கே கடலுக்குப் போகிற எந்தப் புதுப் பொருளும் ஆசீர்வாதம் பெறாமல் வள்ளத்தில் ஏறாது; வலை, எஞ்சின், நங்கூரம், எதுவானாலும். திருநாளன்று எல்லாரும் பார்க்கக் கடற்கரையில் வரிசையாக வைப்பார்கள். கிறிஸ்தோபர் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். ஃபாதர் தீர்த்தம் தெளிக்க வந்தபோது மூடியைத் திறந்து பிடித்தார்.

“மூடு மகன், தண்ணி பட்டுப் பழுதாகும்,” என்றார் ஃபாதர்.

“உள்ளுக்க ஒரு சொட்டு விழட்டும் ஃபாதர். வேலை செய்யிறது உள்ளுக்கதானே.”

பிறகு ஃபாதரே கேட்டார், இது என்ன என்று. கிறிஸ்தோபர் ஒவ்வொரு வயராகத் தொட்டு விளக்கினார். லண்டனிலிருந்து லீவில் வந்த ஒருவர் அதைப் பேஸ்புக்கில் நேரலையாகப் போட்டார். பின்னேரம் தம்பிராசா முதலாக ஆட்கள் பெட்டிக்கு அளவு எடுத்துப் போனார்கள். மெழுகுதிரியோடு பக்கத்தில் நின்றவள் மக்டலின். மற்றவர்களின் கண்டுபிடிப்புக்காகப் புருசனிடம்கூட வாய் திறக்காதவள், அன்று மூடியைப் பிடித்துக்கொள்ள ஒரு கை கொடுத்தாள். இது அந்த வகையைச் சேர்ந்தது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். அம்ரா திருநாளின் திகதியை இன்னொருமுறை கேட்டு உறுதிப்படுத்தினார்.

“கண்டுபிடிச்சவரே காட்டினா, எங்கட சட்டத்தில ஒரு வருஷம் வரைக்கும் பொறுப்பாங்க அக்கா. இது ரெண்டு தாண்டிட்டுது. இனி புதுசு எண்டு சொல்ல ஏலாது.”

“வேற வழி?”

“இல்லை அக்கா. ஆனா ஒண்டு சொல்றன். இனி வேற ஒருத்தராலயும் இதைத் தன்ர எண்டு பதிய ஏலாது. அந்த வீடியோ நிக்குது. செய்ய விரும்பின எந்த வள்ளக்காரரும் செய்யலாம், கேக்க ஆளில்லை.”

ஆசை காட்டியவள் அவள். திருப்பி எடுக்கவேண்டியவளும் அவள்தான். இரண்டு நாள் சொல்லாமல் இருந்தாள். அவர் நல்ல சேர்ட்டைத் தோய்த்துக் கொடியில் போட்டதைக் கண்டதும், இதற்கு மேல் தள்ளிப்போட ஏலாது என்று சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறைக்குக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் செய்து சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. தான் பக்கத்தில் நின்றதையும் சொன்னாள்.

கிறிஸ்தோபர் கேட்டுக்கொண்டிருந்தார். “ஃபாதரிட்டச் சொல்லி ஆசீர்வாதத்தைத் திருப்பி எடுக்க ஏலாதோ?” என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

“உங்களுக்குக் கோபமோ?”

“ஆரோட கோபிக்கிறது?” கணினிப் பக்கம் பார்த்து, “நீ கீறுறதில ஒண்டு காட்டன். காட்டக்கூடியது,” என்றார்.

இதய வலை எப்போதோ வெளியாகிவிட்டது. அதை எடுத்துத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தாள். அவர் தாளை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். மடிந்த வலையையும் விரிந்த வலையையும் விரலால் மாறி மாறித் தொட்டார். எஞ்சின் எண்ணெய் ஏறிக் கறுத்த விரல். தாளில் படாமல் மேலாகவே பிடித்தார். என்ன அளவு என்று கேட்டார், சொன்னாள். “கடவுளே,” என்று மெல்லச் சொன்னார். அது குழந்தையின் இதயத்துக்குள் எப்படிப் பிடித்துக்கொள்கிறது, கழன்றால் என்ன ஆகும், அதை இழுக்கிற நூல் எங்கே என்று கேட்டார். அவள் எண்களைக் காட்டிச் சொல்லச் சொல்ல அவருடைய முகம் விரிந்தது. பேச்சு எங்கிருந்து தொடங்கியது என்பதே அவருக்கு மறந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

“இதைச் செய்தவரும் பதியும்வரை ஆருக்கும் காட்டாமல்தான் வச்சிருந்தவரோ?”

“ஓம். அப்பிடித்தான் இருக்கவேணும்.”

“எவ்வளவு காலம்?”

“வருஷக்கணக்காக் கூட இருக்கலாம்.”

அவர் தாளைத் திரும்பப் பார்த்தார். மேலே கண்டுபிடித்தவரின் முழுப் பெயர் இருந்தது.

“என்ர பெட்டியை நான் கடற்கரையில எல்லாருக்கும் திறந்து காட்டினன். இது முதல் முதல் வேலை செய்த அண்டைக்கு,” என்றார், “இந்த ஆள் ஆரிட்டப் போய்ச் சொல்லியிருப்பார்?”

மக்டலின் அந்தப் பெயரைப் பார்த்தாள். எத்தனையோ பேருடைய கண்டுபிடிப்பைக் கோடு கோடாக அறிந்தவள். அந்த ஒரு நாளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெளியே எஞ்சின் ஒன்றைக் கொட்டில் மேசையில் இறக்குகிற சத்தமும், அதைத் தொடர்ந்து தம்பிராசாவின் குரலும் கேட்டன. கிறிஸ்தோபர் தாளைக் கசங்காமல் மேசையில் வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போனார்.