மாசானம் பங்கு வைத்த மருந்து

மாசானத்தைப் போன்ற ஒரு நல்லவனோடு ஒரே அறையில் குடியிருப்பது பெரிய இம்சை. நான் ஏழு வருஷம் இருந்தவன், அதனால் சொல்கிறேன். தாராவியில் எங்கள் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் ஒரே ரூமில் ஷிப்ட் முறையில் தூங்கி எழுந்துகொண்டிருந்தோம். தோல் கிடங்கில் உப்புத் தடவுவது மாசானத்தின் வேலை. ரூமில் பங்கு பிரிப்பதும் அவன் வேலைதான். ரூமுக்குள் எது வந்தாலும் பன்னிரண்டாகப் பிரிய வேண்டும். ஊரிலிருந்து அல்வா வந்தால் நூலை வைத்து அறுப்பான். ஒற்றை வாழைப்பழம் வந்தாலும் அறுப்பான். ஒரு தடவை புதுச் சோப்பை அறுத்தான். என் பங்கு இரண்டாம் நாளே சாக்கடையோடு போய்விட்டது.

1964-இல் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் ஊரில் இருந்தாள், பெயர் ஆறுமுகத்தாய். ஆவணியில் முகூர்த்தம். ஆனியில் மாசானத்துக்கு ஒரு கட்டி வந்தது. இடத்தை மரியாதையாகச் சொல்வதென்றால், மனிதன் எதை வைத்து உட்காருகிறானோ அங்கே.

மாட்டுங்கா டாக்டர் வேங்கடசுப்ரமணியன் பார்த்துவிட்டு இருபது கேப்சூல் கொடுத்தார். ஒரு நாளைக்கு நாலு வீதம் ஐந்து நாளும் விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். இரண்டே நாளில் கட்டி வற்றிவிட்டது. மாசானம் டப்பாவைத் திறந்து எண்ணினான். மிச்சம் பன்னிரண்டு. நாங்களும் பன்னிரண்டு பேர். அவனுக்குப் புல்லரித்துவிட்டது.

“நான் மட்டும் தனியா முழுங்குதது ஒரு மாதிரியா இருக்குல. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்க” என்றான்.

எனக்குச் சளி. இசக்கிமுத்துவுக்குப் பல்வலி. பிச்சையாவுக்கு ஒன்றுமே இல்லை. ஆனாலும் பங்கை விட்டுக்கொடுக்க மனசில்லை. “என்னைக்காவது வரப்போற சீக்குக்கு இப்பவே முழுங்கி வச்சுக்கிடுதேன்” என்று விழுங்கினான். அன்றைக்குத் தடுக்காத முட்டாள்களில் நானும் ஒருவன்.

மூன்று வாரம் கழித்துக் கட்டி அதே இடத்துக்குத் திரும்பி வந்தது, இந்தத் தடவை எலுமிச்சங்காய் அளவில். பிச்சையாவுக்குப் பிடரியில் ஒன்று, இசக்கிமுத்துவுக்கு அக்குளில் ஒன்று. மாசானம் அதே கேப்சூலை வாங்கி ஐந்து நாளும் ஒழுங்காக விழுங்கிப் பார்த்தான். கட்டி அசையவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டான், குப்புறப் படுத்துத் தூங்கினான். மணையில் உட்கார முடியாத மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு நாள் விம்மி விம்மி அழுதான். பார்க்கப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, பொய் சொல்லக்கூடாது.

டாக்டர் கட்டியைக் கீறி, சீழை லேபுக்கு அனுப்பினார். அந்தக் கேப்சூல் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது என்று பதில் வந்தது. அப்போது கல்யாணத்துக்குப் பத்து நாள். நானும் பிச்சையாவும் கூடப் போயிருந்தோம். கொடுத்த மருந்தை என்ன செய்தாய் என்று டாக்டர் விசாரித்தார். மாசானம் பங்கு வைத்த கதையை, ரூமில் பன்னிரண்டு பேருக்கும் ஒரே துண்டுதான் என்பதையும் சேர்த்துப் பெருமையாகச் சொன்னான்.

“மருந்தாடா அது, கோயில் சுண்டலா?” என்று டாக்டர் கத்தினார். “ரெண்டு நாள்ல நோஞ்சான் கிருமிதான் செத்தது. தாக்குப்பிடிக்கற பயில்வான் நாலு மிஞ்சித்து. நீ பாதியில விட்டே, அது பெருகித்து. பயில்வானுக்குப் பொறந்தது அத்தனையும் பயில்வான்தான். ஒரே துண்டால பன்னெண்டு பேரும் துடைச்சுண்டு அதை ரூம் பூரா பரப்பியிருக்கேள். இதுல ஒருத்தன் சீக்கே இல்லாம வேற தின்னிருக்கான்!”

பிச்சையா சுவர்க் காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தான்.

மற்றவர்களின் சின்னக் கட்டிகளுக்கு வெந்நீர் ஒத்தடமும் தனித் துண்டும் போதும் என்றார். மாசானத்துக்கு மட்டும் வேறு மாத்திரை, பத்து நாளைக்கு. “கட்டி போனாலும் கடைசி மாத்திரை வரைக்கும் நீ ஒருத்தனேதான் முழுங்கணும். இதுக்கும் அதைப் பழக்கிட்டு வந்தயானா, அப்புறம் உனக்குக் குடுக்க என்கிட்ட மருந்தில்லை.”

அன்றிலிருந்து மாசானம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திருடித் தின்பவனைப் போல மாத்திரை விழுங்கினான். ஊருக்கு ரயிலேறினோம். குண்டக்கல் வரை நின்றுகொண்டே வந்தவன், அதற்கப்புறம் ஒரு பக்கமாக உட்கார்ந்தான். ஊர் போய்ச் சேர்ந்தபோது கட்டி வற்றியிருந்தது. முகூர்த்தத்தன்று மிச்சம் இரண்டு மாத்திரை.

மாமனார் கணேசபாண்டியனுக்கு அன்று பார்த்துத் தொண்டை வலி. மாப்பிள்ளையிடம் பம்பாய் மாத்திரை இருப்பதை யார் சொன்னார்களோ, பிச்சையாவின் வாய் மேல்தான் எனக்குச் சந்தேகம். பந்தலில் எல்லார் முன்னாலும் வந்து கையை நீட்டினார்.

“மாப்ள, அதுல ஒண்ணு தாங்க. ஒங்களுக்குத்தான் சொகமாயிட்டாமே.”

மாசானத்தின் கை சட்டைப் பைக்குள் போனது. கை வெறுமனே வெளியே வந்தது.

“தர முடியாது மாமா.”

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை.

கணேசபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒரு மாத்திரைக்கு மனசு வராத கஞ்சப் பயலுக்கா எம் பொண்ணு? ஏல, மேளத்தை நிறுத்து!”

மேளம் நின்றது. நான் குறுக்கே விழுந்து பயில்வான் கிருமியைப் பற்றி விளக்கினேன். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று யாரோ என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மாசானம் தலையைக் குனிந்துகொண்டு மணைக்குப் பக்கத்தில் நின்றான். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது ஆறுமுகத்தாய் முழு அலங்காரத்தோடு உள்ளேயிருந்து வந்தாள்.

“எப்பா, பம்பாய்ல இருந்து வந்தவுக எல்லாரும் இவுகளைப் பத்தி ஒண்ணுதான் சொன்னாவ. தனக்குன்னு எதையும் வச்சுக்கிட மாட்டாவ, எது கெடைச்சாலும் அறுத்து ஊருக்குக் குடுத்துருவாவன்னு. இந்த ஆளைக் கட்டிக்கிட்டா எனக்குன்னு என்ன மிஞ்சும்னு நான் மருகிக்கிட்டுக் கெடந்தேன். இப்பத்தான் மனசு ஆறுச்சு. மேளத்தை அடிக்கச் சொல்லுங்க.”

கணேசபாண்டியன் அவளைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் மேளக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மாசானம் எல்லார் முன்னாலும் ஒரு மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, முழுப் பாரத்தையும் வைத்து மணையில் உட்கார்ந்தான்.