ஏழு மணிச் செய்தியில் நான் இருந்தவரை

விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில், எங்கள் கேபிள் சேனல் இருந்தது. பச்சைத் துணி கட்டிய ஒரு சுவர், சூடு கக்கும் இரண்டு விளக்குகள், ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். மாவட்டச் செய்திகளை வாசிப்பது என் வேலை. பதிவு மாலை நான்கு மணிக்கு, ஒளிபரப்பு ஏழு மணிக்கு. வாசித்து முடித்ததும் திண்டிவனத்துக்கு ரயில் ஏறிவிடுவேன்.

கட்டியிருக்கும் புடவை என்னுடையது அல்ல. ஒரு ஜவுளிக் கடை விளம்பரத்துக்காகத் தினம் ஒன்று கொடுத்தனுப்பும். மேஜைக்கு மேலே மட்டும்தான் தெரியும் என்பதால், ஜாக்கெட்டை மட்டும் மாற்றிக்கொண்டு, கீழே சுடிதார் பேன்ட்டோடு, முந்தானையைச் சுற்றி ஊக்கு குத்திக்கொள்வேன். முடிந்ததும் கசங்காமல் மடித்து அட்டைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் என் முகத்தைக் கண்டுகொள்வார்கள்.

"நீங்க டிவில வர்றவங்கதானே?"

தலையாட்டுவேன்.

"முந்தாநேத்து ஒரு மஞ்ச பொடவ கட்டிக்கினு வந்தீங்களே, அது எந்தக் கடை?"

நான் வாசித்த செய்தியில் ஏதாவது ஒன்றைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று ஆரம்பத்தில் எதிர்பார்த்தேன். பிறகு எதிர்பார்ப்பது நின்றுபோனது. கடையின் பெயரைக் கேட்டுக்கொண்டதும் அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். டிவியில் வருகிறவளிடம் மேற்கொண்டு என்ன பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

திண்டிவனத்தில் ஒரு வீட்டின் மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டால், நான் கேட்டைத் திறக்கும் வேளையில் கீழ்வீட்டில் என் குரல் கேட்டுக்கொண்டிருக்கும். வீட்டுக்கார அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"வந்துட்டியாம்மா? உன்னதான் பாத்துக்கினு இருக்கோம்."

சொல்லிவிட்டு, டிவியில் இருக்கும் என்னைப் பார்க்கத் திரும்பிவிடுவார். நான் மாடிக்குப் போய், காலையில் வைத்த குழம்பைச் சூடு பண்ணுவேன். கீழே நான் வானிலை சொல்லிக்கொண்டிருப்பேன்.

வரன் பார்க்காமல் இல்லை. கடைசியாக வந்த மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு நல்லாத்தான் கீது. ஆனா ஊரே பாத்த மூஞ்சியாச்சே" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு டிவி வேண்டாம் என்பது அவர்கள் நிபந்தனை. அப்பா அம்மா இல்லாத எனக்கு எல்லாம் அண்ணன்தான். அவன் ஒத்துக்கொள்ளச் சொன்னான். நான் மாட்டேன் என்றேன். அதிலிருந்து அவன் பொங்கலுக்கு மட்டும் போன் செய்கிறான்.

ஒருநாள் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்து ஊராட்சி ஒன்றிலிருந்து ஒரு செய்தி வந்தது. புதிய தண்ணீர்த் தொட்டியை ஊராட்சித் தலைவர் திறந்து வைத்தார் என்று எங்கள் நிருபர் எழுதியிருந்தார். கூடவே படம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ரிப்பன் வெட்டுகிறார். அவர் தோளுக்குப் பின்னால் பாதி முகமாக ஒரு பெண். சுவரில் பதித்திருந்த கல்வெட்டை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைவர் என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர்.

நிருபருக்குப் போன் போட்டேன். "தலைவர் யாருங்க?"

"அந்தம்மாதான். ஆனா எல்லாம் அவருதான் பாத்துக்கிறாரு. எல்லா ஊர்லயும் அப்படித்தானே மேடம்?"

அன்று வாசிக்கும்போது தலைவரின் பெயரைச் சொன்னேன். அவர் முன்னிலையில் அவருடைய கணவர் தொட்டியைத் திறந்து வைத்தார் என்று சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள் போனதும் சேனல்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மேடம் இது? தலைவரு போன் பண்ணிக் கத்துறாரு. அவரைக் கணவர்னு சொல்லிட்டீங்களாமே?"

"கணவர்தானே சார்?"

"சரிதான். அதுக்குன்னு டிவிலயா சொல்றது?"

அடுத்த வாரம் ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல். கலெக்டர் ஆபீசில் கூட்டம் என்றும், வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்பதால் தானே வர வேண்டியதாகிவிட்டது என்றும் சொன்னார். படத்தில் பாதி முகமாக இருந்தவர் என்பது எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது.

"என் பேரச் சொன்னது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க்கா."

"வீட்ல எல்லாரும் டிவி பாத்துக்கினு இருந்தோம். பேரு வந்ததும் எங்க மாமியாரு திரும்பி என்னப் பாத்துச்சு. வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து அந்த வூட்ல யாரும் என்னப் பேரு சொல்லிக் கூப்ட்டதில்ல."

கிளம்பும்போது, படியில் நின்று கேட்டார். "நான் பேசுனா டிவில போடுவீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவர் ஊருக்குப் போனேன். கேமராவெல்லாம் இல்லை, என் போன்தான். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். கணவர் புதுச் சட்டையில் வந்து அதில் உட்கார்ந்தார்.

"கேளுங்க மேடம்."

"அக்காகிட்டதாங்க பேசணும்."

"அவளுக்கு இன்னா தெரியும்? நான் சொல்றேன். அவ பக்கத்துல நிக்கட்டும்."

அக்கா வீட்டுக்குள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார். "கரண்ட்டு வந்துடுச்சு. போயி கரும்புக்குத் தண்ணி மாத்திட்டு வா. அப்புறம் நின்னுடப்போவுது."

பம்புசெட்டுக்கான மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கணவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். வண்டிச் சத்தம் தேய்ந்ததும் அக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் திக்கித் திக்கித்தான் பேசினார். முந்தானையை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குள் வரும் பாதையில் விளக்கில்லை. காலேஜ் போய்த் திரும்பும் பெண்பிள்ளைகள் இருட்டில் கரும்புத் தோட்டத்தை ஒட்டி நடந்து வருகிறார்கள். அங்கே விளக்கு போட வேண்டும் என்று தேர்தலில் நிற்பதற்கு முன்பிருந்தே நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

"ஏன் இன்னும் போடலக்கா?"

"ஆபீஸ் நாற்காலில அவருதான் உக்காருறாரு. நான் அடுப்படில சோறு வடிச்சிக்கினு இருப்பேன். பேப்பர கொண்டாந்து நீட்டுவாரு. ஈரக் கையத் தொடச்சிட்டுப் போட்டுக் குடுப்பேன். கையெழுத்து போடும்போது மட்டும்தாம்மா நான் தலைவர்."

பேசி முடித்ததும் மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். எனக்கு எதிரிலேயே தனக்கும் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இன்னொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று எனக்கு நினைவில்லை. மெதுவாகச் சாப்பிட்டேன்.

பதிவு செய்ததைச் சேனல்காரரிடம் கொடுத்தேன். போடலாம் என்றார். முன்னுரை போல நான்கு வரி எழுதித் தந்தார், வாசித்தேன். அன்று மாலை திண்டிவனத்தில் இறங்கி வேகமாக நடந்து, கீழ்வீட்டு ஜன்னலோரம் நின்றேன். அக்காவின் முகம் வந்தது. வாய் அசைந்தது. அதன்மேல் ஒரு வீணை இசை. இசையின்மேல் என் குரல், பெண் தலைவர்களின் சாதனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அவர் பேசியதில் ஒரு சொல்லும் இல்லை.

மாடிப்படியில் ஏறும்போதே போன் வந்தது.

"வாயி என்னுது. சத்தம் உங்களுதும்மா."

எனக்கே தெரியாமல் மாற்றிவிட்டார்கள் என்றேன்.

"போவுது. முழு மூஞ்சி வந்துச்சே" என்று சொல்லி அவரே வைத்துவிட்டார்.

சேனல்காரரிடம் சண்டை போட்டேன். "அந்தம்மா பேசுறத அப்படியே போட்டா அந்தாளு சும்மா இருப்பாரா?" என்று கேட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். அதற்குப் பிறகு செய்தி வாசிக்கும்போது என் குரல் எனக்கே தள்ளி நின்று கேட்டது.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள் சேனல்காரர் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். திரையில் ஒரு பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள். என்னைவிட வயது குறைவு. நீளப் பின்னல், கசங்காத பட்டு. கம்ப்யூட்டரே செய்த பெண். ஒலக்கூர் என்ற ஊர்ப்பெயரைக்கூட அவள் சரியாகவே உச்சரித்தாள். அப்போதுதான் கவனித்தேன். அது என் குரல்.

"உங்க பழைய நியூசெல்லாம் போட்டுத்தான் மேடம் கத்துக்குடுத்தோம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "இதுக்கு ரயில் லேட்டாவாது, லீவு வேணாம். ரொம்ப பேஜாரா இருக்கு மேடம், செலவ சமாளிக்க முடியல."

அன்றோடு என் வேலை முடிந்தது. ஒரு வாரம் கழித்து, வேறு வேலை தேடி விழுப்புரம் போய்த் திரும்பும்போது, ரயிலில் பக்கத்து இருக்கைப் பெண் என் முழங்கையைத் தொட்டார்.

"நேத்து பட்டுல நல்லா இருந்தீங்க. கொஞ்சம் எளச்சிட்டீங்களோ?"

நான் சிரித்துவைத்தேன். ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்தபோது வீட்டுக்கார அம்மா வழக்கம்போல, "உன்னதான் பாத்துக்கினு இருக்கோம்" என்றார்.

"அது நான் இல்லீங்க ஆன்ட்டி."

"சும்மா சொல்லாத. குரல் தெரியாதா எங்களுக்கு?"

நான் இல்லாமல் போனதை யாரும் கவனிக்கவில்லை. இத்தனை காலம் ஒரு ஜில்லாவே பார்த்த முகம் என்று நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்கச் சமைக்கவில்லை. பன்னும் டீயுமாக ஓட்டினேன்.

பிறகு அந்த அக்காவின் போன் வந்தது.

"எங்கம்மா போயிட்ட? டிவில வர்றது நீ இல்லியே."

மரியாதையெல்லாம் போய் ஒருமைக்கு வந்திருந்தார்.

"எப்படிக்கா தெரிஞ்சுது?"

"நீ வாசிக்கிறப்ப நடுவுல ஒரு தபா எச்சி முழுங்குவ. இது முழுங்கவே மாட்டேங்குதே!"

நான் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் போனை வைக்கவில்லை. அழுகை நின்றதும், "வர்ற கிராம சபைக்கு வா. நான் பேசப் போறேன்" என்றார்.

போனேன். பள்ளிக்கூடத்து வளாகத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நடு நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். அக்கா போய் அதன் அருகில் நின்றார்.

"எந்திரிங்க" என்றார் மெதுவாக.

கணவர் ஏதோ விளையாட்டென்று சிரித்தார். வந்திருந்த அதிகாரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். அக்கா நகராமல் நின்றார். நூறு நாள் வேலைப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எந்திரிய்யா! நாங்க ஓட்டு போட்டது அதுக்குத்தான்."

கணவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். மைக் கிறீச்சிட்டது. பாதை விளக்குத் தீர்மானத்தை அக்கா தன் வாயால் வாசித்தார். இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் எடுத்தேன். ஒரு நொடிகூட வெட்டாமல் யூடியூபில் போட்டேன். பார்த்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. மற்ற நாட்களில் கணவர்தான் இன்னும் ஆபீசுக்குப் போகிறார். பாதையில் பாதி தூரத்துக்கு மட்டும் விளக்கு வந்திருக்கிறது. மீதிக்காக அக்கா அலைகிறார். நான் திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறேன். அங்கே என்னை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய், அக்காவோடு சாப்பிட்டுவிட்டு, மற்ற ஊராட்சிகளில் பேச விரும்பும் பெண் தலைவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் பேசுவதைப் போனில் எடுத்துக்கொண்டு வருகிறேன். நிறையப் பேர் ஒத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் வேண்டாம் என்கிறார்கள். போன வாரம் ஒருவர் கதவைக்கூடத் திறக்கவில்லை. நிழலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.