முதலில் சீப்பு, பிறகு சுத்தியல்

கதவைத் தட்டும் முன் ஜுவாங் மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொள்வார். வாருவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம். அதை இப்படியும் அப்படியும் படிய வைத்துவிட்டு, தோள்பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுகளை எடுத்துக்கொண்டு தட்டுவார். கதவு திறந்ததும் பழத்தை நீட்டுவார். நீட்டிய கையோடு கேட்பார்: "வீட்டுல யாராவது முழுகாம இருக்காங்களா?"

சீனாவின் சுவான்ஜோ நகரில் எங்கள் பழைய குடியிருப்பில் எந்த வீட்டை இடித்துப் புதுப்பிப்பதானாலும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். வேலை தொடங்கும் முன் மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றுக்கும் இந்த ஆரஞ்சும் இந்தக் கேள்வியும் போய்விடும். ஆள் பார்த்துக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எங்களுக்கு மேல் வீட்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் தனியாக இருக்கிறார். அவரிடமும் கேட்டார்.

"யோவ், நான் எழுபது வயசு ஆம்பள. கண்ணு தெரியலையா?"

"தெரியுதுண்ணே. கேக்க வேண்டியது என் வேலை. பழம் நல்லா இனிக்கும், சாப்பிடுங்க."

பிறகு ஒருநாள் நானே அவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பதில் சொல்கிறவருக்குக் கூச்சமாக இருக்குமாம். "எல்லார்கிட்டயும் கேட்டுட்டா அது சும்மா ஒரு கேள்விதானேக்கா" என்றார்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. வயிற்றுப் பிள்ளையைக் காக்கும் சாமி ஒன்று வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "இன்னிக்கு கதவுல உக்காந்திருக்கும், நாளைக்கு அடுப்புல. எங்க இருக்குன்னு பாக்காம ஆணிய அடிச்சா, அடி யாருக்குப் படும்?" என்பார் மேஸ்திரி. அவருடைய சுத்தியல் கைப்பிடியில் எப்போதும் சிவப்புத் துணி சுற்றியிருக்கும். இடிக்கும் முன் சுவரைத் தடவிக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஓங்குவார். கூடவே வேலை செய்யும் அவர் மனைவி, "என்கிட்ட ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்கியா?" என்று சிமென்ட்டைக் குழைத்தபடியே கேட்பார். மேஸ்திரி சிமென்ட் மூட்டை மேல் வைத்த குட்டிக் கோப்பையில் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்.

பக்கத்து வீட்டை யான்போ என்ற பையன் வாங்கினான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பஞ்சாங்கம் பார்த்துக் குடிபோக நாள் குறித்தாயிற்று. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது அடுப்பு, அதனால் அந்த நாளுக்குள் சமையலறை முடிந்தாக வேண்டும். சமையலறையின் பழைய ஓடுகளைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்க வேண்டும். அந்தச் சுவரின் மறுபக்கம்தான் என் கட்டில்.

நான் அப்போது கட்டிலோடு கிடந்தேன். நாற்பதை நெருங்கும் வயதில் மூன்றாவது முறையாக வயிற்றில் ஒன்று வந்திருந்தது. முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்று மாதம் தாண்டும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது வழக்கம். முந்தைய தடவைகளில் சந்தோஷம் தாங்காமல் ஊரெல்லாம் சொல்லிவிட்டு, பிறகு விசாரித்தவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த முறை கணவர் ஷோவெனைத் தவிர யாருக்கும் தெரியாது. படியேறி இறங்கவே கூடாது என்றார் மருத்துவர். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. எங்கேயாவது போய்த் தங்கவும் வழியில்லை.

எனக்குச் சாமியிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று ஷோவெனிடம் வாய் கிழியப் பேசுகிறவள் நான். ஆனால், புதிதாகச் சட்டம் போட்டு வந்த எங்கள் கல்யாணப் படத்தை மாட்ட அவர் ஆணியை எடுத்தபோது, சுத்தியலைப் பிடுங்கிக் கீழே வைத்தவளும் நான்தான். படம், ஆணி, சுத்தியல் மூன்றும் அன்றிலிருந்து சுவரோரம் தரையிலேயே கிடந்தன.

மேஸ்திரி வந்து தட்டினார். மெல்ல எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பழத்தை நீட்டிக் கேள்வியைக் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

அவர் பார்வை என் தோளுக்குப் பின்னால் ஒருமுறை போய்த் திரும்பியது. "சரிங்கக்கா" என்றார். பையிலிருந்து இன்னும் இரண்டு ஆரஞ்சுகளை எடுத்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். எதற்கு எனக்கு மட்டும் நான்கு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நல்ல நேரத்தில் யான்போவை அழைத்து வந்து, வேலையின் முதல் அடியை அவன் கையாலேயே அடிக்க வைத்தார்கள். அதுவும் தூரத்தில், பால்கனிப் பக்கம். அடுத்தது என் சுவர்தான் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அடி விழவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு எதையோ சுரண்டும் சத்தம், எலி பிறாண்டுவது போல. நாள் முழுக்க அதுதான்.

ஷோவென் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். புருஷனும் பெண்டாட்டியும் சுவரை நனைத்து ஊறவிட்டு, தட்டையான இரும்பை நுழைத்து ஒவ்வொரு ஓடாக நெம்பி எடுக்கிறார்களாம். சுத்தியல் ஜன்னலோரம் சும்மா கிடக்கிறதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்படிச் செய்தால் வேலை நகருமா? யான்போ ஒரு மாலை வந்து கத்தியது எங்கள் கதவைத் தாண்டிக் கேட்டது.

"சத்தமே இல்லையாமே மாமா. வேலை நடக்குதா, இல்ல ரெண்டு பேரும் தூங்குறீங்களா?"

"தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு தம்பி. சுத்தியலத் தூக்க முடியல. நாள் தவறாம முடிச்சுக் குடுத்துடறேன்."

"தூக்க முடியாதவர் எதுக்கு வேலைய ஒத்துக்கிட்டீங்க? வேற ஆளப் பாக்குறேன். அந்த நாளு தவறிப்போச்சுன்னா பொண்ணு வீட்டுல நான் என்ன பதில் சொல்லுவேன்?"

வேறு ஆள் வந்தால் முதல் வேலையே இடிக்கும் இயந்திரத்தை வைப்பதுதான். அது ஒரு பயம். ஆனால் என்னை எழுப்பியது அந்தப் பயமல்ல. நல்ல வேலைக்காரர் என்று ஊரே சொல்கிற மனிதர், தோள் போனவன் என்ற பெயரை எனக்காக வாங்கிக்கொண்டு நிற்கிறார். ரகசியமாவது ஒன்றாவது என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"வந்துட்டீங்களா? குப்பை மூட்டைய வழியில வெச்சிருக்கேன்னு சண்டைதானே? இப்பவே எடுத்துடறேன். நீங்க உள்ள போங்கக்கா, தூசி."

சொல்லிக்கொண்டே என் முன்னால் வந்து நின்று, தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. பின்னால் அவர் மனைவி நிஜமாகவே மூட்டையை இழுக்கத் தொடங்கிவிட்டார். நான் உள்ளே வந்துவிட்டேன். யான்போ வேறு ஆளைத் தேடினான். கல்யாண மாதமாதலால் யாரும் கிடைக்கவில்லை. அந்த மாதத்துக்கும் நான் கடமைப்பட்டவள்.

மேஸ்திரி தன் அண்ணன் குடும்பத்தையும் கூட்டி வந்தார். நால்வருமாகச் சுரண்டினார்கள். சொன்ன நாளுக்குள் அடுப்புமேடை தயாராகிவிட்டது.

குடிபோன காலையில் எனக்கு மூன்று மாதம் தாண்டியிருந்தது. ஷோவென் முந்தின நாளே யான்போவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். திறந்த கதவு வழியே வேடிக்கை பார்த்தேன். யாரையும் வெறுங்கையோடு உள்ளே விடவில்லை மேஸ்திரி. அடுப்பு முன்னால் போனது, நிரம்பிய அரிசி வாளி பின்னால் போனது, சிவப்பு நாடா கட்டிய புதுத் துடைப்பம் போனது. ஒயர் மாட்ட வந்த பையன் கையில்கூட ஒரு பொட்டலம் உப்பைக் கொடுத்துத்தான் அனுப்பினார். எல்லா விளக்குகளும் எரிந்தன, புது அடுப்பில் தண்ணீர் கொதித்தது. யான்போ இனிப்புக் கொழுக்கட்டைப் பாயசத்தை இரண்டு கிண்ணங்களில் கொண்டு வந்தான். ஒன்றை என்னிடம் தலை குனிந்து நீட்டினான். மற்றதை மேஸ்திரியிடம் நீட்டி, "தோள்பட்டை இப்ப எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டான்.

"குடிபோற அன்னிக்கு வலியப் பத்தியெல்லாம் பேசக்கூடாது தம்பி" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார் மேஸ்திரி.

உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவரிடம் கேட்டேன். "படம் கீழ இருக்கு, ஆணி கீழ இருக்கு, சுத்தியல் பக்கத்துலயே இருக்கு. புருஷனும் நல்லாத்தான் இருக்கார். அப்புறம் என்னக்கா கேள்வி?"

மகள் பிறந்து ஒரு மாதம் நிறைந்த அன்று அவரையும் மனைவியையும் அழைத்தோம். வழக்கப்படி நாங்கள் கொடுத்த சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, அதே பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். தரையில் இருந்த படத்தைத் துடைத்தார். ஆணியைச் சுவரில் பொருத்திப் பிடித்தவர், அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார்.

"வீட்டுல யாராவது முழுகாம இருக்காங்களா?"

ஷோவென் சிரித்துவிட்டார். நான் மகளைத் தோளில் சரிசெய்துகொண்டு, "இல்லை மேஸ்திரி. இந்தத் தடவை நிஜமா" என்றேன்.

அவர் ஓங்கவில்லை. மகள் விழித்திருந்தாள், அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆணியையும் சுத்தியலையும் கீழே வைத்தார். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, அவளைப் பார்த்தபடி, காதோரம் இருந்த அந்தக் கொஞ்சத்தையும் படிய வாரிக்கொண்டார்.