எண்ணெய்க் கைக்கு அகப்படாத குமிழ்

நஜிமாவுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. யார் வீட்டுக்குப் போனாலும் தண்ணீர்ச் செம்பு கைக்கு வருவதற்குள் அங்கிருக்கும் கபோர்டை ஒரு தடவை திறந்து மூடிவிட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அவளுக்கு எதற்கு? கதவைப் பிடித்து இழுக்கிற குமிழைத்தான் பார்க்க வேண்டும். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் கணவன் ஜாபர் அலியின் மிளகுக் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சின்ன லேத் ஒன்றை வைத்து, கபோர்டுக்கும் டிராயருக்கும் மரக்குமிழ் கடைகிறவள் அவள். பலாக்கட்டையைக் கடைந்து, உப்புத்தாள் தேய்த்து, அரக்கு ஏற்றி, விரல் வைத்தால் நிற்காத அளவுக்கு வழவழப்பாக்கினால்தான் அன்றைக்குத் தூக்கம் வரும். முதன்முதலில் கடைந்த குமிழ் ஜாபரின் கடை மேசை டிராயரில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவாள்.

மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற ஊரில், கடைக்கு மிளகு போடுகிற ராதிகா புது வீடு கட்டியபோது சமையலறைக் குமிழ் மொத்தமும் நஜிமாவிடம்தான் வாங்கினாள்.

"இது திரும்பி வந்துச்சுன்னா லேத்தை வித்துரலாம். எனக்கு மூட்டை அடுக்க எடமில்லை," என்றான் ஜாபர். விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அவன் விளையாட்டாகச் சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

குமிழ் பொருத்திய சூடு ஆறுவதற்குள் ராதிகா போன் செய்தாள். "அக்கா, குமிழு சரிப்பட்டு வரலீங்க. ஒருக்கா வந்து பாருங்க."

அவ்வளவுதான், நஜிமாவுக்குச் சோறு இறங்கவில்லை. கட்டை காயவில்லையா? மலை ஈரத்தில் ஊறிவிட்டதா? திருகு கழன்றுவிட்டதா? மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொள்ள, இவள் மிச்சமிருந்த ஒரு குமிழைக் கையில் உருட்டிக்கொண்டே போனாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள்.

ராதிகாவின் மாமியார் பாவாயி, முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். சமையலறைக்குள் போன நஜிமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை குமிழிலும் கந்தல் துணி சுற்றியிருந்தது.

"யாருங்க இப்படிப் பண்ணுனது?"

"நாந்தான் கண்ணு," என்று பின்னாலேயே வந்தாள் பாவாயி. "பழம் அறுக்கற காலத்துல பால் ஒட்டாம இருக்க எந்நேரமும் எண்ணெய்க் கைதான். உன்ற குமிழைப் புடிச்சா நழுவிக்கிட்டு ஓடுது. நீயே இழுத்துப் பாரு சாமி."

நஜிமா கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு, ஒரு துணியை அவிழ்த்துவிட்டு இழுத்தாள். வழுக்கியது. நகம் ஊன்றி இழுத்தாள். மறுபடியும் வழுக்கியது. அவமானத்தில் காது சுட்டது. ஊரில் எத்தனை கபோர்டைத் திறந்து மூடியிருப்பாள்! எல்லாம் உலர்ந்த கையோடு.

கையைத் துடைத்துக்கொண்டு அந்தக் குமிழைக் கழற்றினாள். பையிலிருந்த அரத்தை எடுத்து அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். குமிழின் தலைக்குக் கீழே கழுத்தை ஒடுக்கினாள். விளிம்பைச் சுற்றி வரி வரியாகக் கீறினாள். அரக்குப் பளபளப்பு தூளாக உதிர்ந்தபோது மனசு அடித்துக்கொண்டது. திரும்பப் பொருத்தியதும் பாவாயி எண்ணெய்க் கையாலேயே இழுத்தாள். கதவு திறந்தது.

"இது போதும் கண்ணு. எல்லாத்தையும் இப்படியே பண்ணிக் குடு."

மொத்தத்தையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் கடைக்குள் நுழைந்தாள். ஜாபர் பையைப் பார்த்தான்.

"திரும்பி வந்துருச்சா?"

"வந்துருச்சு."

நடந்ததை மறைக்காமல் சொல்லி, வரி போட்ட குமிழை அவன்முன் வைத்தாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லேத் போய்விட்டது என்றே அவள் நினைத்துக்கொண்டாள். அவன் திருப்புளியை எடுத்துக் குனிந்து, தன் டிராயரிலிருந்த குமிழைக் கழற்றி அவள் பைக்குள் போட்டான்.

"இதுக்கும் வரி போட்டுரு. வேர்த்த கையோட இதைத் தெறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"இத்தனை வருசமா ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ எங்கிட்டப் பேசமாட்டயே."

நஜிமாவுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஒரு வார்த்தை பேசாமல் கொட்டகைக்குப் போய் லேத்தைப் போட்டாள். முதலில் மாட்டியது அவன் குமிழைத்தான்.