எழுபதாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரத்துக்கு: ஸ்ரீதரோடு ஓர் அடையாறுப் பயணம்

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. பயணம் என்றால் வெளியூர்தானா என்ன? இந்த முறை நான் போனது அடையாறு வரைதான், அதுவும் மயிலாப்பூரைச் சுற்றிக்கொண்டு. காரணம், முதல் நாள் வந்த ஒரு போன். "அடையாறுல அணு ஆயுதம் பத்திக் கண்காட்சி போட்டிருக்கா. தனியாப் போகப் பிடிக்கல்லே. வரயா?"

பேசியது ஸ்ரீதர், என் கல்லூரி நண்பன். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது இருவருக்கும் ஒரே அலுவலகம். அவன் லட்டு கொடுத்தான், நான் வாங்கவில்லை. எல்லார் முன்னாலும் என்னைத் தேசத்துரோகி என்றான். அதோடு பேச்சு நின்றது. இத்தனை வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டதும் மறுக்க மனம் வரவில்லை.

ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரி போய், 9.40 பறக்கும் ரயில். திருமயிலையில் இறங்கும்போது மணி 10.05. அவன் வீடு அங்கிருந்து பத்து நிமிட நடை. மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளைச் சுற்றியதில் எனக்கு இருபது நிமிடம் ஆனது.

"வாடா, ஆத்துல யாரும் இல்லே. காப்பி போடறேன்" என்றான். போடவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாகக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தான். அவன் பெண் வார்சாவில் வேலை பார்க்கிறாள். பக்கத்து நாட்டில் போர் தொடங்கியதிலிருந்து இவன் இப்படித்தானாம். "கதிர்வீச்சு வந்தாப் போட்டுக்க அயோடின் மாத்திரை வாங்கி வெச்சுண்டிருக்கேன்ப்பான்னு சாதாரணமாச் சொல்றா. நேக்குத்தான் இருப்புக் கொள்ளல்லே."

லஸ்ஸிலிருந்து, கண்காட்சி நடக்கும் அடையாறு காந்தி நகர் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோ 160 ரூபாய். (29சி பேருந்தே போதும். நிறுத்தத்தில் காத்திருக்க அவனால் முடியவில்லை.) நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டே வந்த ஓட்டுநர் திரும்பினார்.

"ஒலகத்துல மொத்தம் எத்தினி குண்டு கீது சார்?"

"பன்னெண்டாயிரம் சொச்சம். ஒரு காலத்துல எழுபதாயிரம் இருந்துச்சு" என்றேன்.

"கொறஞ்சிக்கினுதானே வருது. அப்பால இன்னா பேஜாரு?"

நான் விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவரே கேட்டார்: "மெட்ராஸ் காலியாவ எத்தினி வோணும்?"

"பெரிசா இருந்தா ஒண்ணு போறும்" என்றான் ஸ்ரீதர்.

திரு.வி.க. பாலம் தாண்டிக் கண்காட்சி வாசலில் இறக்கிவிட்டார்.

கண்காட்சிக் கூடத்துச் சுவர் நீளத்துக்கு ஒரே வரைபடம்: உலகில் எந்த வருடம் எத்தனை அணுகுண்டு என்று, மொத்தத்துக்கு ஒரு கோடும் நாட்டுக்கொரு கோடுமாக. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது தரையோடு கிடந்த கோடு, எண்பதுகளின் நடுவில் உச்சிக்குப் போகிறது. அப்போது நான் அசோக் நகரில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். பயந்ததாக நினைவில்லை. பிறகு செங்குத்தாகச் சரிவு. தென்னாப்பிரிக்கா தான் செய்தவற்றைத் தானே பிரித்துப் போட்டு, அதன் கோடு பூஜ்யத்தில் முடிகிறது. இந்தச் சரிவைக் காட்டித்தான் நான் இத்தனை காலமும் எல்லோரிடமும் வாதாடியிருக்கிறேன்.

கடைசிப் பலகையில் சரிவு ஏறக்குறைய தட்டையாகிவிட்டது. குறைவதெல்லாம் இரண்டு பெரிய நாடுகள் கழித்துக்கட்டும் பழைய குண்டுகள். கீழே சில சின்னக் கோடுகள் மெல்ல ஏறிக்கொண்டிருக்கின்றன. அதில் நம்முடையதும் ஒன்று, பாகிஸ்தானுடையதும் ஒன்று. முதல் பலகைக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். அதேதான்.

"டேய்" என்றான் ஸ்ரீதர், வரைபடத்தைப் பார்த்தபடியே. "நமக்குக் குண்டு வேணும்னுதான் இன்னிக்கும் நெனைக்கறேன். ஆனா அன்னிக்கு உன்னை அப்படிச் சொன்னது தப்பு."

"இது கொறஞ்சுக்கிட்டே போயி ஒரு நாள் இல்லாமப் போயிடும்னு நான் சொன்னதும் நடக்கலையே" என்றேன்.

அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டான். அவளுக்கு அப்போது காலை எட்டரை. எங்கே நிற்கிறோம் என்று சொல்லவில்லை, என்ன சாப்பிட்டாய் என்று மட்டும் கேட்டான். பிறகு, "என் சிநேகிதன் வந்திருக்கான், பேசு" என்று போனை என்னிடம் நீட்டினான்.

போகிறவர்களுக்கு: அனுமதி இலவசம், காலை பத்து முதல் மாலை ஆறு வரை, இம்மாதக் கடைசி வரை நடக்கும். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். அவசரமாகப் பார்த்தால் சரிவு மட்டும்தான் கண்ணில் படும். கடைசிப் பலகையைத் தவறவிடாதீர்கள். முடிந்தால், இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவரைக் கூட்டிப்போங்கள். ஸ்ரீதர் மறுநாள் காலை ஆறு மணிக்கே கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடர்ந்தான். நானும் விடவில்லை.