பீங்கான் தட்டில் சாப்பிட்டவர்

தலைமையாசிரியரின் மேசைமேல் அப்பா அந்தத் தட்டை வைத்தபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரும்பின்மேல் வெள்ளைப் பீங்கான் பூசிய தட்டு. விளிம்பில் நீலக் கோடு, இரண்டு இடத்தில் பூச்சு உதிர்ந்து உள்ளே இருக்கும் இரும்பு கறுத்துத் தெரியும். ஆறாம் வகுப்பில் இடமில்லை என்று எங்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் முறை அப்பா மஞ்சள் பையோடு வந்தார். தட்டை எடுத்து வைத்து, "இதுல சாப்பிட்டவரு யாருன்னு தெரியுங்களா சார்?" என்று கேட்டு, விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஒருவரின் பெயரைச் சொன்னார். தலைமையாசிரியர் தட்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். பிறகு விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்புக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்.

நெருக்கடி நிலைக் காலத்தில் ஒரு மாசி மாதம், அறுவடை முடிந்த கையோடு, அந்தத் தலைவர் தலைமறைவாக வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டார் என்பது கதை. அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. அவருடைய அக்கா, என் அத்தைக்குப் பதினைந்து. சோறு பொங்கியது அத்தைதான். வீட்டிலிருந்த ஒரே பீங்கான் தட்டில் போட்டார்கள். அதற்குப் பிறகு அதில் யாரும் சாப்பிட்டதில்லை. டீக்கடையில், கிராம நிர்வாக அலுவலகத்தில், நடவு வயலில், எங்கே அப்பாவின் குரல் தாழ வேண்டியிருந்தாலும் இந்தக் கதை வந்து அதை நிமிர்த்திவிடும்.

போன வருடம் தலைவரின் நூற்றாண்டு விழாவுக்கு மலர் போடுவதாகச் சொல்லி அப்பாவிடம் ஒரு பக்கம் கேட்டிருந்தார்கள். மேடையில் தட்டோடு உட்காரவும் அழைப்பு. "எம்மவன் எழுதுவான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாதமும் வருடமும் சரியாக இருக்கட்டும் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன். தஞ்சாவூரில் அலுவலகம் விட்டதும் நூலகம், அங்கிருந்து அறை, ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகக் கடை. தலைவர்களின் வாழ்க்கை வரலாறு தீர்ந்ததும் ஊர் வரலாறுகளில் இறங்கினேன். நிறுத்த முடியவில்லை. சாப்பிடும்போதும் படித்தேன், பேருந்தில் நின்றுகொண்டும் படித்தேன். தரங்கம்பாடியில் எந்தக் கப்பலில் யார் வந்து இறங்கினார்கள் என்பது இருக்கிறது. நாகூருக்கு எந்த ராஜா என்ன கட்டிக்கொடுத்தார் என்பது இருக்கிறது. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்கள் தெருவுக்கு யார் வந்தார், எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார் என்பது எதிலும் இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

கடைசியில் கிடைத்தது வேறொன்று. அந்த மாசியில் தலைவர் சிறையில் இருந்தார். அதற்குப் பின்பும் பல மாதங்கள் அங்கேதான். மூன்று புத்தகங்கள் ஒரே மாதிரி சொல்கின்றன. நான்காவதாக ஒன்றாவது மாற்றிச் சொல்லாதா என்று தேடினேன். சொல்லவில்லை.

ஊருக்குப் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்ன பிறகும் முறம் நிற்கவில்லை.

"பேர யாருடா கேட்டா? கேக்கக்கூடாது. தெரிஞ்சுதுன்னா போலீசு அடிக்கிற அடியில சொல்லிப்புடுவோம். வந்தா சோறு போடுவோம், அவ்வளவுதான்."

சில வருடம் கழித்துத் தேர்தல் சுவரொட்டியில் தலைவரின் படத்தைப் பார்த்துவிட்டுத் தாத்தா, "இவருதான்" என்றாராம். அத்தைக்கு அப்போதே தெரியும், இவர் இல்லையென்று. வந்தவர் ஒல்லி, இடது காது மடலில் தழும்பு. பின்னே ஏன் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒங்கப்பன் எந்தத் தெம்புல போயி ஒன்னப் பள்ளிக்கூடத்துல சேத்திருப்பான்?" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "இத்தன புத்தகம் படிச்சியே, ஒண்ணுலயாவது சோறு போட்டவ பேரு இருக்கா?" என்றார்.

அந்த ஒரு பக்கத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். தலைவர் பெயரைப் போட்டால் யாரும் கேட்கப்போவதில்லை, தட்டும் மேடை ஏறிவிடும். ஆனால் அந்தத் தட்டு வாங்கித் தந்த எழுத்தைக் கொண்டு தெரிந்தே ஒரு பொய்யை அச்சேற்ற எனக்குக் கை வரவில்லை. அத்தை சோறு பொங்கியதை எழுதினேன். வந்தவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று எழுதினேன். சுவரொட்டி வரை எல்லாவற்றையும் எழுதி அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். புத்தகம் தப்பாக இருக்கும் என்று சத்தம் போடுவார் என்றிருந்தேன். போடவில்லை.

"அப்ப நான் மேடையில என்னத்தச் சொல்றது?" என்றார்.

நான் தாளை மடித்து உறைக்குள் போட்டேன்.

விழாவன்று அவர் வரவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, மடை திருப்ப வேண்டும் என்று மண்வெட்டியோடு போய்விட்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் காலியாகக் கிடந்த அந்த ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலரில் என் பக்கம் வந்திருந்தது. படித்தவர்கள் இருந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தஞ்சாவூருக்குக் கிளம்பும்போது அப்பா மஞ்சள் பையை நீட்டினார். "நீயே வச்சுக்க. எனக்கு இனிமே இதால ஆகவேண்டியது ஒண்ணுமில்ல."

அதிலிருந்து நான் படிக்கும் விதம் மாறிவிட்டது. பெரிய பெயர்களைத் தாண்டிப் போகிறேன். பெயர் மறந்துபோன தோழர்கள், கூட வந்த ஒருவர், இன்னொருவர் என்று எழுதியிருக்கும் வரிகளில் நின்றுவிடுகிறேன். அந்த மாசி மாதத்தில் எங்கள் பக்கம் நடந்து வந்த ஒல்லியான ஒரு மனிதர் எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

போன ஞாயிறு அப்பாவோடு போனில் பேசிக்கொண்டே, புதிதாக எடுத்து வந்த இரண்டு புத்தகங்களை அலமாரியில் வைக்க இடம் தேடினேன். இடமில்லை. தட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதே சத்தம். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"தட்டா?" என்றார்.

"ஆமாப்பா."

அவர் பக்கத்திலிருந்து வாய்க்கால் தண்ணீரின் இரைச்சல் கேட்டது.

"ஆளு கெடச்சாரா?"